மூலிகைவழி வெள்ளி நானோதுகள்கள்

மூலிகைவழி வெள்ளி நானோதுகள்கள் என்பவை, தாவரச் சாற்றின் உதவியுடன் வெள்ளி உப்பிலிருந்து உருவாக்கப்படும் மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் ஆகும். இவற்றின் அளவு 1 முதல் 100 நானோமீட்டர் வரை இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் ஆகும். மருந்துக்குக் கட்டுப்படாத பூஞ்சைகள் பெருகி வருவதால், பூஞ்சை எதிர்ப்புப் பொருளாக இத்துகள்கள் ஆராயப்பட்டு வருகின்றன.

புதிய மருந்தின் தேவை

மனித உயிரணுக்களைப் போலவே பூஞ்சையின் உயிரணுக்களிலும் உட்கரு உண்டு. இரண்டும் பல வகையில் ஒத்திருப்பதால், மனித உயிரணுவுக்குத் தீங்கின்றிப் பூஞ்சையை மட்டும் அழிப்பது கடினம். இன்றைய மருந்துகள் பெரும்பாலும் இரண்டு வேறுபாடுகளையே பயன்படுத்துகின்றன. பூஞ்சையின் சவ்வில் கொலஸ்ட்ராலுக்குப் பதிலாக எர்கோஸ்டெரால் உள்ளது; மேலும் மனித உயிரணுவுக்கு இல்லாத உயிரணுச் சுவர் பூஞ்சைக்கு உண்டு. புளூகோனசோல், டெர்பினாஃபின் ஆகியவை எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கின்றன.

2009 இல் ஜப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் என்னும் ஈஸ்ட், பல மருந்துகளுக்குக் கட்டுப்படுவதில்லை. இந்தியாவில் டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படாத படர்தாமரை பரவியுள்ளது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மருத்துவர் ஆலோசனையின்றிப் பூசுவது அரிப்பைத் தற்காலிகமாகத் தணித்தாலும், தொற்றை வளரச் செய்கிறது. உலக சுகாதார அமைப்பு 2022 இல் முன்னுரிமை தர வேண்டிய 19 பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது.

மூலிகைகள்

சீமை அகத்தி இலையை அரைத்துப் படர்தாமரைக்குப் பூசுவது வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் வழக்கமாகும். இதில் ஆந்த்ராகுயினோன் வகைச் சேர்மங்கள் உள்ளன. வேம்பு, மஞ்சள், துளசி ஆகியவையும் ஆய்வுகளில் பயன்படுகின்றன. மஞ்சளிலுள்ள குர்குமின் நீரில் எளிதில் கரைவதில்லை. இத்தகைய பொருள்களை நானோ வடிவில் அளித்தால் அவை நீரில் பரவி நிற்கும்.

உருவாக்கும் முறை

இலைகளைக் கழுவி, நீரில் கொதிக்க வைத்து வடிகட்டிய சாறு, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலுடன் கலக்கப்படுகிறது. சாற்றிலுள்ள பீனால் சேர்மங்கள் வெள்ளி அயனிகளுக்கு எதிர்மின்னிகளை அளித்து, அவற்றை வெள்ளி அணுக்களாக ஒடுக்குகின்றன. இவ்வணுக்கள் ஒன்றுகூடித் துகள்களாகின்றன. சாற்றின் புரதம் போன்ற பொருள்கள் துகளின் மேல் உறைபோல் படிந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கின்றன. இளமஞ்சள் கரைசல் பழுப்பாக மாறுவது துகள்கள் உருவானதற்கான அடையாளமாகும்.

செயல்படும் விதம்

நானோதுகள்கள் பூஞ்சையின் சுவரிலும் சவ்விலும் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றிலிருந்து வெளியேறும் வெள்ளி அயனிகள் நொதிகளின் கந்தகப் பகுதிகளுடன் பிணைந்து அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. வீரியமிக்க ஆக்சிசன் மூலக்கூறுகளும் உருவாகிச் சவ்வைச் சிதைக்கின்றன. ஒரே நேரத்தில் பல இடங்களில் தாக்குவதால், பூஞ்சை எதிர்ப்புத் திறன் பெறுவது கடினம் எனக் கருதப்படுகிறது.

வரம்புகள்

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத் தட்டுகளில் செய்யப்பட்டவை. தட்டில் பூஞ்சையை அழிக்கும் பொருள் நோயாளியின் உடலிலும் அவ்வாறே செயல்படும் என்று கூற முடியாது. வெள்ளி மனித உயிரணுக்களையும் பாதிக்கக்கூடியது. அது உடலில் நீண்டகாலம் சேர்ந்தால் தோல் நீலச் சாம்பல் நிறமாகும். மண், பருவம், அறுவடைக் காலம் ஆகியவற்றுக்கேற்ப இலைச்சாற்றின் கலவை மாறுவதால், ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் துகள்களைப் பெறுவதும் சவாலாக உள்ளது. எனவே இவற்றை வீட்டில் தயாரித்துப் பூசுவதோ உட்கொள்வதோ ஆபத்தானது.

மருத்துவத்தில் நானோ வடிவம்

பூஞ்சை நோய்க்கு நானோ மருந்து ஒன்று ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. ஆம்போடெரிசின் பி என்னும் பழைய மருந்து சிறுநீரகத்தைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது. அதையே மிகச் சிறிய கொழுப்புக் குமிழிகளில் பொதித்து அளிக்கும்போது இப்பாதிப்பு குறைகிறது. 1997 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இவ்வடிவம், 2021 இல் இந்தியாவில் கரும்பூஞ்சை நோய் பரவியபோது முதன்மை மருந்தாக விளங்கியது. மூலிகைவழித் துகள்களும் இத்தகைய மருந்தாவதற்கு, நச்சுத்தன்மைச் சோதனைகளையும் மனிதர்களிடம் நடத்தப்படும் மருத்துவச் சோதனைகளையும் கடக்க வேண்டும்.