சுவரில் எழுந்த கல்லெழுத்து

தெருவோவியங்கள் – 7

சென்ற இதழில், சுண்ணாம்புக் கல்லின்மேல் சித்திரம் தீட்டி, நிறத்துக்கு ஒரு கல்லாக மாற்றி மாற்றி அச்சேற்றிய ஆரம்பகாலச் சினிமாச் சுவரொட்டிகளைப் பார்த்தோம். அந்தக் கல் அச்சகத்தை விட்டு வெளியேறிய பிற்பாடு, சுவரொட்டியின் சித்திரத்துக்குள்ளேயே வந்து குடியேறிய ஓர் அபூர்வமான கதையை இந்த வாரம் சொல்ல விரும்புகிறேன்.

1950-களில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு டெலிவிஷன் நுழைந்து, மாலை வேளைகளில் ஜனங்கள் கூடத்தை விட்டு நகர மறுத்துக் கொட்டகைகள் வெறிச்சோடத் தொடங்கியபோது, அந்தச் சிறு பெட்டியால் ஒருக்காலும் காட்ட இயலாத ஒன்றைத் தாங்கள் காட்டியாக வேண்டும் என்று ஹாலிவுட் ஸ்தாபனங்கள் தீர்மானித்தன. பிரம்மாண்டமே அந்த ஒன்று. 1953-இல் சினிமாஸ்கோப் அகலத்திரையில் 'தி ரோப்' வந்தது. 1956-இல் 'தி டென் கமாண்ட்மென்ட்ஸ்' வந்தது. 1959 நவம்பரில், வில்லியம் வைலரின் 'பென்-ஹர்' வந்தது. ரதப் போட்டிக்காக மட்டும் ரோமாபுரியின் சினேசிட்டா படப்பிடிப்பு நிலையத்தில் 18 ஏக்கர் விஸ்தீரணத்தில் பந்தயக் களம் ஒன்றை எழுப்பினார்கள்.

படம் எடுத்தவர்களுக்குப் 18 ஏக்கர் கிடைத்தது. சுவரொட்டி தீட்டியவருக்கோ 27 அங்குல அகலமும் 41 அங்குல உயரமும் கொண்ட காகிதம்தான் கிடைத்தது. அதனினும் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. அந்தப் படத்தின் திரை, உயரத்தைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட அகலமுடையது. சுவரொட்டியோ நெட்டுக்குத்தாக நிற்பது. படுத்திருக்கும் பிரம்மாண்டத்தை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். எந்தக் காமிராவாலும் இதைச் செய்துவிட முடியாது; தூரிகை செய்தது.

'பென்-ஹர்' சுவரொட்டியைச் சற்றே நிதானமாகப் பாருங்கள். படத்தின் பெயர் அங்கே அச்செழுத்தாக இல்லை. மலையைக் குடைந்து செதுக்கிய கோபுரம்போல், கனமும் நிழலும் உடைய கல்லாகவே எழுந்து நிற்கிறது. அந்த எழுத்துகளுக்கு முன்னால் குதிரைகள் பாய்கின்றன, ரதங்கள் உருள்கின்றன. குதிரை எத்தனை பெரிது என்பது நமக்குத் தெரியும்; ஆகையால், அதன் பக்கத்தில் நிற்கும் எழுத்து எத்தனை பெரிது என்பதை அளவுகோல் இல்லாமலே கண் கணித்துக்கொள்கிறது. பெரியதைக் காட்டவேண்டுமானால் அதன் காலடியில் சிறியதை நிறுத்து என்னும் சிற்ப சாஸ்திரத்தின் ரகசியம் ஒரு காகிதத்தில் இப்படி வேலை செய்கிறது.

அந்த ஓவியத்தைத் தீட்டியவர் ரெனால்ட் பிரவுன். 1917-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒரு விமானத் தொழிற்சாலையில் அமர்ந்து, இயந்திரங்களின் உள்ளுறுப்புகளை வெட்டுத் தோற்றமாக வரைந்து கொடுத்தவர். எந்தப் பாகம் எதன்மேல் எப்படிப் பொருந்துகிறது என்பதை அறிந்த கை அது. அதனாலேதான் அவருடைய ரதச் சக்கரம் உண்மையாகவே தரையை அழுத்துகிறது என்று நான் கருதுகிறேன். 'ஸ்பார்டகஸ்', 'தி அலமோ' முதலிய சரித்திரப் படங்களுக்கும் சுவரொட்டி தீட்டியவர் அவரே.

ஆயினும், சுவரொட்டியின் அடியில் நெருக்கமாக அச்சிட்ட பெயர் வரிசையில் தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் நடிகர்களுக்கும் இடம் ஒதுக்கும் சம்பிரதாயம் இருந்ததே தவிர, அந்தக் காகிதத்தையே உயிர்ப்பித்த சித்திரக்காரருக்கு இடம் ஒதுக்கும் வழக்கம் இருக்கவில்லை. இதை அநீதி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

காகிதத்துக்கும் மதிப்பு இருக்கவில்லை. நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்னும் விநியோக ஸ்தாபனம், சுவரொட்டிகளைக் குறுக்கே மூன்றும் நெடுக்கே ஒன்றுமாக மடித்துக் கொட்டகைகளுக்கு வாடகைக்கு அனுப்பி வந்தது. ஓட்டம் முடிந்ததும் அவை திரும்பி வர வேண்டியிருந்தது. ஒட்டியவை மழையில் கரைந்தன. கிழிந்தவை குப்பைக்குப் போயின. எஞ்சிய பிரதி எப்போதேனும் உங்கள் கைக்கு வந்தால், கீழ் விளிம்பின் வலது கோடியைப் பாருங்கள். 59 என்று தொடங்கி, சாய்கோட்டுக்குப் பின் ஓர் எண் இருந்தால் அது 1959-இன் முதல் வெளியீட்டைச் சேர்ந்தது; ஆர் என்னும் ஆங்கில எழுத்து முன்னால் நின்றால், மறுவெளியீட்டுக்கு அச்சிட்டது.

1976-இல் பக்கவாதம் தாக்கி, பிரவுனுடைய இடப்பக்கம் செயலிழந்தது. விளம்பர ஓவியப் பணி அத்துடன் முடிந்தது. பின்னர் நெப்ராஸ்கா மாநிலத்தில் குடியேறி, மனைவியின் துணையோடு மறுபடியும் தூரிகை பிடித்து, 1991-இல் மறையும்வரை புல்வெளிகளையும் மனித முகங்களையும் தீட்டி வந்தார்.

பழைய சுவரொட்டி எதையேனும் கண்டு வியந்து நிற்கும் வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: இது எந்தப் படம், யார் நடித்தது என்று விசாரித்த கையோடு, இதைத் தீட்டியவர் யார் என்றும் விசாரியுங்கள்.