உங்களுக்குத் தெரியுமா? பட்டு நூற்கச் சொல்வது ஹார்மோன்!

காஞ்சிபுரம் தறிகளில் ஓடும் பட்டு இழை, பட்டுப்புழுவின் நாளமில்லாச் சுரப்பிகள் இட்ட கட்டளையால் பிறந்தது.

● மல்பெரி இலை தின்னும் புழு, கூடு கட்டுமுன் 4 முறை தோல் உரிக்கிறது. அதைத் தூண்டுவது, மார்புப் பகுதிச் சுரப்பியிலிருந்து வரும் எக்டைசோன்.

● மூளைக்குப் பின்னாலுள்ள நுண்ணிய சுரப்பிகள் ‘இளமை ஹார்மோனை’ச் சுரக்கும்வரை புழு, புழுவாகவே வளர்கிறது. 5-ஆம் பருவத்தில் அது வற்றி, எக்டைசோன் கூடியதும் புழு தீனியை நிறுத்திவிட்டு நூற்கத் தொடங்குகிறது.

● மனிதரின் பாலின ஹார்மோன் ஆய்வுக்காக 1939-இல் நோபல் பரிசு பெற்றவர் ஜெர்மானியர் அடால்ஃப் பூட்டெனாண்ட். அவரும் பீட்டர் கார்ல்சனும் 1954-இல் சுமார் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து எடுத்த எக்டைசோன் வெறும் 25 மில்லிகிராம்!

● இதே வகைப் பொருள் சில தாவரங்களிலும் உண்டு. அதை இலையில் தெளித்து, எல்லாப் புழுக்களையும் ஒரே சமயத்தில் கூடு கட்டவைக்கும் முறை இந்தியப் பட்டு வளர்ப்பில் இருக்கிறது.

● நம் உடலின் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோனைப் போலவே எக்டைசோனும் ஒரு ஸ்டீராய்டு ஹார்மோன்தான்.