வெயிலுக்கு ஒரு நீர்க்கட்டி

ஏரிப் பாசனம் செழித்திருந்த நம் கிராமங்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். மழை அவர் வசத்தில் இல்லை, ஏரியும் அவருடையதன்று, ஆயினும் எந்த மடையை எப்பொழுது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் விடுவது, கடைசிப் பாய்ச்சலுக்கென்று எவ்வளவு நிறுத்தி வைப்பது என்பனவெல்லாம் அவருடைய விவேகத்தைப் பொறுத்தே இருந்தமையால், அவர் கண்ணயர்ந்த வருஷத்தில் ஏரி நிறைந்தும் பயிர் காய்ந்தது.

கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்து ஆலைக்காரர்கள் கூரைமேல் சோலார் பேனல்களைப் பரப்பி, அதனருகே லித்தியம் பேட்டரிகளையும் வைக்க முற்படும்போது, அந்த நீர்க்கட்டியின் உத்தியோகம் ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கருவியின் தலையில் விழுகிறது. வியாபாரிகள் இதனை 'இ.எம்.எஸ்.' என்பர். பேனலுக்கும் பேட்டரிக்கும் ரூபாய் ரூபாயாகப் பேரம் பேசுகிறவர்கள் இக்கருவியை மட்டும் இனாமாக வரும் உபகரணமாகக் கருதிவிடுவதே பின்னால் நேரும் நஷ்டங்களுக்குப் பெரும்பாலும் மூலகாரணம்.

முதலில் ஒரு பேதத்தைத் தெளிந்துகொள்ள வேண்டும். பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் அளவுமீறிச் சூடேறாமலும், மிகுதியாக நிரம்பாமலும் காப்பது அதனுள்ளேயே இருக்கும் பி.எம்.எஸ். என்னும் காவல் சாதனம். நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்குவது இன்வெர்ட்டர். இவ்விரண்டுக்கும் மேலிருந்து, எப்பொழுது சேமிப்பது, எப்பொழுது செலவிடுவது என்று ஆணையிடுவது ஒன்றே இ.எம்.எஸ்.ஸின் காரியம். மேலதிகாரி மயங்கினாலும் காவலாளி விழித்திருக்க வேண்டும் என்பது இவ்வமைப்பின் தத்துவம். ஆகையால், பேட்டரியின் பாதுகாப்பையும் தன் கருவியே கவனித்துக்கொள்ளும் என்று ஒரு வியாபாரி சொன்னால், அது பெருமைக்குரிய அம்சமாகாமல் சந்தேகத்துக்குரிய அம்சமே ஆகும்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் விசாரணை விலைப்பட்டியலில் தொடங்கக் கூடாது. ஆலையின் மின்கட்டண ரசீதில் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்புப் பெற்ற தொழிற்சாலைகள், எரித்த யூனிட்டுக்கு ஒரு கட்டணமும், மாதத்தில் எட்டிய உச்சத் தேவைக்கு, அதாவது மேக்சிமம் டிமாண்டுக்கு, வேறொரு கட்டணமும் செலுத்துகின்றன. இந்த டிமாண்ட் கட்டணம் 2022 செப்டம்பரில் கே.வி.ஏ. ஒன்றுக்கு 350 ரூபாயிலிருந்து 550 ரூபாயாக உயர்ந்தது. பின்னர் இன்னும் ஏறியிருக்கிறது. மாதம் முழுவதும் அடக்கமாக ஓடிய ஆலையில் ஏதோ ஓர் அரைமணி நேரம் யந்திரங்கள் யாவும் ஒருசேர ஓடிவிட்டால், அந்த அரைமணியின் அளவே மாதம் முழுமைக்கும் கணக்காகிவிடும். பேட்டரி அந்த ஒரு சிகரத்தைச் சீவிவிடுமானால் லாபம் உண்டு. 1,000 கே.வி.ஏ. அனுமதி பெற்ற ஆலை தன் உச்சத்தை 900-ஆகக் குறைத்தால், 2022-ஆம் வருஷ விகிதப்படியே மாதம் 55,000 ரூபாய் மிஞ்சும். ஆனால் அனுமதி பெற்ற அளவில் நூற்றுக்கு 90 பங்குக்குக் குறையாமல் கட்டணம் செலுத்தியே ஆகவேண்டும் என்ற விதி இருப்பதால், 800-க்கு இறக்கினாலும், அனுமதி அளவையே குறைத்து வாங்காதவரை, அடுத்த 100-க்கு ஒரு காசும் மிஞ்சாது.

இரவில் வாங்கி மாலையில் செலவிடும் உபாயத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். மாலை 6 மணி முதல் 10 மணி வரை நூற்றுக்கு 25 வீதம் கூடுதல் கட்டணம். நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் 5 வீதம் தள்ளுபடி. யூனிட் 6 ரூபாய் 75 காசாக இருந்த 2022-ஆம் வருஷக் கணக்கில் இவ்விரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு ரூபாய். பேட்டரிக்குள் சென்று மீளும் மின்சாரத்தில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு வழியிலேயே கழிந்துபோவதால், கைக்கு நிற்பது சுமார் ஒரு ரூபாய்தான். பேட்டரியின் தேய்மானத்தை அந்த ஒரு ரூபாய் ஈடுகட்டுமா என்பது பெருத்த கேள்வி. வெளியே அனுப்ப அனுமதியின்றி ஞாயிற்றுக்கிழமைகளில் வீணாகும் சூரிய மின்சாரத்தைச் சேமிப்பதோ முற்றிலும் வேறு கணக்கு. எந்தக் கணக்கு நம் ஆலைக்குப் பொருந்துமோ, அதை அறிந்து நடக்கும் கருவியே நமக்குரியது. மாலை ஆறரைக்கே பேட்டரியைக் காலி செய்துவிட்ட கருவி, ஏழு மணிக்கு எழும் உச்சத்தின் முன்னே, வறண்ட மடையருகில் நிற்கும் நீர்க்கட்டியைப் போலக் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

எந்தத் தீர்மானத்துக்கும் ஆதாரம் அளவீடு. மின்சாரம் ஆலைக்குள் நுழையும் இடத்தில் வைக்கும் மீட்டர், நொடிக்கு நொடி செய்தி தர வேண்டும். மின்னோட்டத்தை அளக்க அங்கே பொருத்தப்படும் சி.டி. வளையம் திசைமாறி மாட்டப்பட்டுவிட்டால், வரவைச் செலவென்றும் செலவை வரவென்றும் எண்ணிக் கருவி நேர்விரோதமாக நடக்கும். அற்பமாகத் தோன்றும் இப்பிழையே நிறுவும் நாட்களில் சகஜமாக நேருவது.

ஜெனரேட்டர் உள்ள ஆலைக்கு இன்னுமொரு நிபந்தனை உண்டு. மின்வெட்டின்போது டீசல் ஜெனரேட்டரோடு சோலாரும் சேர்ந்து ஓடினால், பேனல்கள் பாரத்தை ஏற்க ஏற்க ஜெனரேட்டரின் பங்கு குறைந்துகொண்டே போகும். அது தன் சக்தியில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்குக்குக் கீழே நெடுநேரம் ஓடுமானால் எஞ்சினில் கரி படியும். பாரம் தலைகீழாகித் திரும்பினால் நின்றே போகும். ஆகவே நொடிப்பொழுதில் சோலாரைத் தணிக்கும் சாமர்த்தியம் கருவிக்கு வேண்டும்.

அந்தச் சாமர்த்தியம் ஆலைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி ஒரு செயற்கைக்கோள் இணையச் சேவை தாக்கப்பட்டபோது, எனர்கான் நிறுவனத்தின் 5,800 காற்றாலைகள் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாதவையாயின. எனினும் அவற்றின் கட்டுப்பாடு அந்தந்த இடத்திலேயே இருந்தபடியால் அவை சுழன்றுகொண்டே இருந்தன. வானிலை அறிவதற்கும், வரைபடங்கள் காட்டுவதற்கும் தொலைதூரக் கணினி உதவட்டும். இணையம் அறுந்த கணத்தில் செயலற்றுப்போகும் கருவி நமக்கு உதவாது.

கடைசியாக, பாஷை. 1979-இல் தோன்றிய மோட்பஸ் என்னும் எளிய பாஷையிலேயே இன்றும் பெரும்பாலான இன்வெர்ட்டர்களும் மீட்டர்களும் பேசுகின்றன. கருவி அதனைப் பேசுகிறதா, எந்தத் தகவல் எந்த எண்ணில் கிடைக்கும் என்று காட்டும் ரிஜிஸ்டர் பட்டியலை வியாபாரி எழுத்து மூலமாகத் தருவாரா, கடவுச்சொற்களும் சேர்ந்த கணக்கு விவரங்களும் யார் வசம் இருக்கும் என்பவற்றை ஒப்பந்தத்திலேயே தீர்த்துக்கொள்ளாதவர், நாளைக்கு வேறு பேட்டரி வாங்க விரும்பினாலும் பழைய வியாபாரியின் வாசலிலேயே நிற்க நேரும்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலைநாளில், வியாபாரியை அருகில் நிறுத்திக்கொண்டு, இணையக் கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள், மெயின் சுவிட்சை அணைத்து ஜெனரேட்டரை ஓடவிடுங்கள், பெரிய மோட்டார்களை ஒருசேர இயக்குங்கள். இம்மூன்றிலும் தேறிய கருவிக்கே பணம் கொடுங்கள்.