சிபிஐ, என்ஐஏ, அமலாக்கத்துறை வேலை: கல்லூரியிலேயே எதற்குத் தயாராக வேண்டும்?

சிபிஐயில் சேர தனியாக ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? கிடையாது. சிபிஐ சப்-இன்ஸ்பெக்டர், என்ஐஏ சப்-இன்ஸ்பெக்டர், அமலாக்கத்துறையின் உதவி அமலாக்க அதிகாரி என மூன்று பணிகளுக்கும் பட்டதாரிகளுக்கான நேரடி வாசல் ஒன்றுதான்: பணியாளர் தேர்வாணையம், அதாவது எஸ்எஸ்சி, நடத்தும் சிஜிஎல் தேர்வு. வருமான வரித்துறை இன்ஸ்பெக்டரைத் தேர்ந்தெடுப்பதும் இதே தேர்வுதான்.

இதில் குற்றவியல் சட்டத்துக்கோ, தடயவியலுக்கோ தனித்தாள் இல்லை. கணக்கு, ரீசனிங், ஆங்கிலம், பொது அறிவு, கொஞ்சம் கணினி, அவ்வளவுதான். நேர்முகத் தேர்வும் 2016-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. தகுதி, ஏதாவது ஒரு பட்டம். அதனால் "சிபிஐ ஆபீசர் ஆகலாம்" என்று சொல்லி யாராவது ஒரு கோர்ஸுக்கு லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டால், தாராளமாக எழுந்து வந்துவிடுங்கள். கிரிமினாலஜி உங்களுக்குப் பிடித்த பாடம் என்றால் படியுங்கள். ஆனால் இந்த வேலைக்கு அது நுழைவுச்சீட்டு அல்ல.

மேலே உள்ள பதவிகளின் கதை வேறு. எஸ்பி, டிஐஜி, இயக்குநர் போன்ற நாற்காலிகளில் பெரும்பாலும் மாநிலங்களிலிருந்து அயல்பணியில் வரும் ஐபிஎஸ் அதிகாரிகள்தான் அமர்கிறார்கள். அதற்கு வழி யுபிஎஸ்சி. சிபிஐ இப்படி அயல்பணியை நம்பியே இருப்பதைக் குறிப்பிட்டு, அதற்கெனத் தனி ஆள்சேர்ப்பு முறை வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று 2025 மார்ச்சில் பரிந்துரைத்தது. அது நடக்கும்வரை சிஜிஎல்தான்.

சம்பளம், வயது, உயரம்

சிபிஐ எஸ்ஐ, உதவி அமலாக்க அதிகாரி இரண்டும் ஊதிய நிலை 7. தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.44,900. என்ஐஏ எஸ்ஐ நிலை 6, ரூ.35,400. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. மூன்றுக்கும் வயது வரம்பு 30. ஓபிசி பிரிவினருக்கு 3 ஆண்டு, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. எத்தனை முறை எழுதலாம் என்ற கட்டுப்பாடு இல்லை. ஐடி வேலையில் இருக்கும் 26 வயதுக்காரருக்குக் கதவு மூடவில்லை. ஆனா கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கு.

உயரத்தை இன்றே அளந்துவிடுங்கள். ஆண்களுக்கு சிபிஐ கேட்பது 165 செ.மீ., என்ஐஏ கேட்பது 170. பெண்களுக்கு இரண்டிலும் 150. நீங்கள் 167 செ.மீ. உயரமுள்ள ஆண் என்றால், பணி விருப்ப வரிசையில் என்ஐஏவை முதலில் போட்டு என்ன பயன்? அந்த வரிசையைக் கொடுத்த பிறகு மாற்ற முடியாது.

தமிழ் மாணவருக்கு இருக்கும் இரண்டு சிக்கல்கள்

முதலாவது மொழி. சிஆர்பிஎஃப் உள்ளிட்ட மத்தியப் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வை 2024 முதல் தமிழிலும் எழுத முடிகிறது. சிஜிஎல் கேள்வித்தாளோ இன்னும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். கீழ்நிலைப் பணிக்குத் தமிழ் உண்டு, விசாரணை அதிகாரி பணிக்கு இல்லை. இது சரியா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நீங்கள் தயாராக வேண்டியது இன்றிருக்கும் தேர்வுக்கு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் கட்டம் வெறும் தகுதித் தேர்வு. தரவரிசையைத் தீர்மானிக்கும் இரண்டாம் கட்டத்தில் கணக்கு 30, ரீசனிங் 30, ஆங்கிலம் 45, பொது அறிவு 25 கேள்விகள். கேள்விக்கு 3 மதிப்பெண் வீதம் மொத்தம் 390. இதில் ஆங்கிலம் மட்டும் 135. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போய்விடும். தமிழ்வழியில் படித்தவர் கணக்கில் புலியாக இருந்தாலும் தரவரிசையில் பின்தங்க இது ஒன்றே போதும். இலக்கணத்தையும் சொல்வளத்தையும் கடைசி ஆறு மாதத்தில் ஏற்றிக்கொள்ள முடியாது. முதலாம் ஆண்டிலிருந்தே தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றைப் படிக்கத் தொடங்குவதுதான் நடைமுறை வழி. கணினித் திறன், தட்டச்சு இரண்டும் தகுதிக்கு மட்டும்தான். அதற்காக விட்டுவிடாதீர்கள், அங்கே தவறினால் மற்ற மதிப்பெண் எதுவும் காப்பாற்றாது.

இரண்டாவது சான்றிதழ். நம் ஊரில் கையில் வைத்திருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்று தாசில்தார் தரும் ஓபிசி சான்றிதழ் வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சமூகங்களும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு சொல்லும் தேதி வரம்புக்குள் சான்றிதழ் இல்லாவிட்டால், நீங்கள் பொதுப்பிரிவுதான்.

தேர்வுக்கு வெளியே

வேலைக்குள் போன பிறகு தேவைப்படுவது வேறு படிப்பு. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. சோதனையையும் பறிமுதலையும் வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பிஎன்எஸ்எஸ் 105-வது பிரிவு. மின்னணு ஆதாரத்துக்குத் தரும் சான்றிதழில் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். கணக்குப்பதிவியலும் கணினி அறிவியலும் படித்தவர்களுக்கு இங்கே உண்மையிலேயே இடம் இருக்கிறது.

இன்னொன்று, பலரும் கடைசியில்தான் பார்ப்பது: பின்னணிச் சரிபார்ப்பு. பணியில் சேரும்போது நிரப்பும் படிவத்தில் கைது, வழக்கு, அபராதம் மட்டுமல்ல, தேர்விலிருந்தோ கல்லூரியிலிருந்தோ நீக்கப்பட்டதுண்டா என்றும் கேட்பார்கள். கல்லூரிப் போராட்டத்தில் பதிவான ஒரு சின்ன வழக்கை மறைக்கலாமா? கூடாது. அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம், கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைத்தால் பணியை ரத்து செய்யலாம் என்றது. அற்பமான வழக்காக இருந்தால் அதை மன்னிக்கும் விருப்புரிமையும் அரசுக்கு உண்டு என்றது. அப்படி வழக்கு ஏதாவது இருந்தால் எஃப்ஐஆர் நகல், முடிந்துவிட்டால் தீர்ப்பு நகல் இரண்டையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து நீதிமன்ற நகல் பிரிவில் அலைவது தேர்வு எழுதுவதைவிடக் கஷ்டம்.