சுவரின் நோயும் மருந்தும்

இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு

‘சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்’ என்பது பழமொழி. உடல்நலத்தைப் பேணுமாறு கூறும்போது பெரியவர்கள் இதனை எடுத்துக்காட்டுவர். நான் இங்கே எழுத வந்தது உண்மைச் சுவரைப் பற்றியே. அதிலும், விருந்தினர்க்கு யாரும் பெருமையோடு காட்டாத குளியலறைச் சுவரைப் பற்றி!

தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் எங்கள் வீடு கட்டி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு குளியலறையைப் புதுப்பித்தோம். அதற்கும் பாட்டி படுக்கும் அறைக்கும் பொதுவாக ஒரே செங்கல் சுவர். அதன் காரை இடுப்பளவு உயரம்வரை பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. வெந்நீர்க் கருவியின் சுவிட்சுப் பலகையும் அதே சுவரில்தான். ஒருநாள் பாட்டி, “சுவரைத் தொட்டா சுருக்குங்குதுடா” என்றார். அதுவரை அழகுக் குறைவாக மட்டும் தெரிந்தது, அன்றே உயிருக்கு ஆபத்தாகத் தெரிந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மேஸ்திரியை அழைத்தோம். அந்த வேலையின்போது நான் கண்டும் கேட்டும் அறிந்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பிற நாட்டுச் சுவர்

ஆங்கிலப் படங்களில் கதாநாயகன் கோபத்தில் சுவரைக் குத்துவான். சுவரில் ஓட்டை விழும். நம் ஊரில் குத்தினால் கைதான் உடையும்! காரணம், அமெரிக்க வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் பொருத்திய ஜிப்சம் பலகையே. இரு தாள்களுக்கு இடையே ஜிப்சத்தை வைத்துச் செய்வது அது. இதன் முன்னோடிப் பலகைக்கு 1894-இல் அகஸ்டின் சாக்கெட் என்பவர் காப்புரிமை பெற்றார். அங்கே சுவர் பழுதானால் கெட்ட பகுதியைச் சதுரமாக வெட்டியெடுத்து, புதிய துண்டைத் திருகாணியால் பொருத்தி, இணைப்பில் நாடா ஒட்டிப் பசை பூசித் தேய்த்துவிடுவர். ஆனால் ஒரு லிட்டர் நீரில் சுமார் 2 கிராம் ஜிப்சம் கரையும். தாளும் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே நீர் நேரே படும் குளியலிடத்திற்குச் சிமென்ட் பலகையையே நாடுகின்றனர்.

ஜிப்சம் நமக்கும் புதிதன்று. உர ஆலைகளில் கழிவாக மிஞ்சும் ஜிப்சத்தோடு கண்ணாடி இழை சேர்த்த பலகைகளைக் கொண்டு, 2013-இல் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் ஒரு மாதிரிக் குடியிருப்பு கட்டப்பட்டது. எனினும் நம் வீடுகளில் பெரும்பாலானவை செங்கல்லும் காரையுமே.

ஈரம் ஏறுவது எப்படி?

செங்கல்லிலும் கலவையிலும் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் எண்ணற்றவை உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அவற்றின் வழியே நீர் மேலேறுகிறது. வகுப்பில் நாம் படிக்கும் நுண்புழை ஏற்றமே இது. ஏறும் நீர் உப்புகளையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாக, உப்பு படிகமாகிறது. சோடியம் சல்பேட் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு படிகமாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருகும். துளைக்குள் இப்படிப் பெருகினால் காரை என்ன செய்யும்? வெடித்து உதிர வேண்டியதுதான். சுவரில் பூத்த வெள்ளைப் பொடியின் கதை இதுவே.

மூலத்தைக் கண்டறிதல்

மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொருவர், உதிர்ந்த இடத்தில் சிமென்ட்டை அப்பி வண்ணம் அடித்துச் சென்றார். ஆறு மாதத்தில் அத்தனையும் கீழே விழுந்தது. இம்முறை வந்த மேஸ்திரி கரணையைத் தொடவே இல்லை. “தம்பி, தண்ணி எங்கேருந்து வருதுன்னு தெரியாம பூசுனா, அது காசைத் தண்ணியில போடுறதுதான்” என்றார்.

இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்தோம். காலையில் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. சுவருக்குள் குழாய் கசிகிறது என்பது உறுதியாயிற்று. ஐயம் உள்ள இடத்தில் ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளை நாற்புறமும் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனை. தாளின் உட்புறம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் வியர்த்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது.

செப்பனிடும் முறை

முதலில் கசிந்த குழாய் மாற்றப்பட்டது. பின்னர் உளியின் பிடியால் சுவரைத் தட்டிப் பார்த்தனர். ‘டொப்’ என்று ஒலித்த இடமெல்லாம் காரை செங்கல்லை விட்டுப் பிரிந்த இடம். பழுது தெரிந்த எல்லைக்கு அப்பாலும் ஓரடி வரை காரையைக் கொத்தியெடுத்தனர். செங்கல் இடுக்குகளை 10 மில்லிமீட்டர் ஆழத்திற்குச் சுரண்டினர். உப்பைக் கம்பித் தூரிகையால் உலர்ந்த நிலையிலேயே தேய்த்தெடுக்க வேண்டும். கழுவினால் கரைந்து மீண்டும் உள்ளே போகும்.

பிறகு காத்திருப்பு. மின்விசிறி வைத்து மூன்று வாரம் உலரவிட்டோம். பக்கத்து வீட்டில் குளித்துக்கொண்டு காத்திருப்பது எளிதன்று! ஆயினும் அவசரப்பட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூசியதாகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் நீரில் மூழ்கிய வீடுகளுக்கும் இதே விதிதான் பொருந்தும்.

உலர்ந்த சுவரில் பூசுவதற்குச் சற்றுமுன் நீர் தெளித்தனர். இல்லையேல் செங்கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். ஒரு பங்கு சிமென்ட், நான்கு பங்கு சலித்த மணல். உப்புள்ள மணல் ஆகவே ஆகாது. சிமென்ட் அரை மணிக்குப் பின் இறுகத் தொடங்கலாம். ஆகையால் அதற்குள் தீரும் அளவே குழைத்தனர். குழாய்க்காக வெட்டிய பள்ளத்தின்மேல் கோழிவலைக் கம்பியை அடித்து, 12 மில்லிமீட்டர் கனத்தில் பூசினர். ஓடு பதிக்க வேண்டியிருந்ததால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக விட்டனர். ஏழு நாள் நீர் தெளித்து ஈரமாகவே வைத்திருந்தோம்.

தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் சரிவாக மூடி, நீர்த்தடுப்புப் பூச்சைத் தரை முழுவதும், குளிக்கும் பக்கத்தில் ஆளுயரத்திற்கும் இரண்டு முறை அடித்தனர். நீர் வடியும் துளையை அடைத்துத் தரையில் நீரைத் தேக்கி ஒரு நாள் முழுவதும் வைத்தோம். மறுபுறம் ஈரம் இல்லை என்று கண்ட பின்னரே ஓடு பதித்தனர்.

மறவாதீர்!

சுவரைக் கொத்துமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை வீட்டில் பொருத்துங்கள். சிமென்ட் குழைக்கும் சித்தாள் அம்மாவுக்கு ரப்பர் கையுறை வாங்கிக் கொடுங்கள். ஈரச் சிமென்ட் தோலை அரித்துப் புண்ணாக்கும்.

சுவிட்சுப் பலகையை ஈரம் படாத எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டோம். காரை உதிர்வது நோயன்று, நோயின் அறிகுறி. அறிகுறியை மூடி மறைக்காமல், நீர் வந்த வழியை அடைப்பவரே சுவரைக் காப்பவர். அதன் அருகே உறங்குவோரையும் காப்பவர்.