தொடும் முன் தெளிவு: இயன்முறை மருத்துவ உரிமத் தேர்வு கேட்பது என்ன?

அமெரிக்காவில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரியப் பட்டம் மட்டும் போதாது. தேசிய இயன்முறை மருத்துவத் தேர்வில் தேறி, வேலை பார்க்கும் மாநிலத்தின் உரிமத்தையும் பெற வேண்டும். ‘என்.பி.டி.இ.’ என்று மாணவர்கள் சுருக்கமாகச் சொல்லும் இந்தத் தேர்வை மாநில உரிம வாரியங்களின் கூட்டமைப்பு நடத்துகிறது. 5 மணி நேரத்தில் 225 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். 200 முதல் 800 வரையிலான அளவுகோலில் 600 எடுத்தால் தேர்ச்சி. இந்தியாவில் படித்துவிட்டு அங்கே செல்ல விரும்புவோரும், தங்கள் படிப்பு மதிப்பீடு செய்யப்பட்ட பிறகு, இதே தேர்வைத்தான் எழுதுகிறார்கள்.

எலும்பு-தசை, நரம்பு மண்டலம், இதயம்-நுரையீரல் ஆகிய மூன்றிலிருந்தே பெரும்பாலான கேள்விகள் வருகின்றன. தோல், நாளமில்லாச் சுரப்பிகள், சாதனங்கள், மின்சிகிச்சை, ஆய்வு முறை ஆகியவையும் உண்டு. பல கேள்விகள் ஒரு நோயாளியின் நிலையை விவரித்து, முதலில் செய்ய வேண்டியது எது என்று கேட்கும். கொடுக்கப்பட்ட 4 விடைகளில் இரண்டு மூன்று சரிபோலவே தோன்றும். நோயாளிக்குத் தீங்கு நேராமல் காக்கும் விடை எது என்று காரணத்தோடு தேர்ந்தெடுக்கத் தெரிந்தவரே தேறுவார்.

தண்டுவட எண்கள்

தண்டுவடத்தில் எந்த மட்டத்தில் காயம் என்பதை வைத்தே நோயாளி எதைச் செய்ய முடியும் என்பதைக் கணிக்கிறார்கள். கழுத்துப் பகுதியில் சி5 முழங்கையை மடக்கும். சி6 மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தும். சி7 முழங்கையை நீட்டும். இடுப்புப் பகுதியில் எல்3 முழங்காலை நீட்டும். எல்4 பாதத்தை மேலே தூக்கும். எல்5 கால் கட்டைவிரலை நிமிர்த்தும். எஸ்1 குதிகாலை உயர்த்தும்.

இந்தப் பட்டியலைப் பயன்படுத்துவதில்தான் திறமை இருக்கிறது. சி6 வரை மட்டுமே வேலை செய்யும் ஒருவரால் விரல்களை மடக்க முடியாது. ஆனால் மணிக்கட்டை நிமிர்த்தும்போது, விரல் தசைநாண்களின் இயல்பான இறுக்கத்தால் விரல்கள் தாமாகவே மடங்கும். கோப்பையையோ சீப்பையோ பிடிக்க அது போதும். மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே நேரத்தில் முழுமையாக நீட்டிப் பயிற்சி கொடுத்தால் அந்த இறுக்கம் தளர்ந்து, இருந்த பிடியும் போய்விடும்.

எதிரெதிர் அவசரங்கள்

டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ காயம்பட்டவருக்குத் திடீரென்று கடும் தலைவலி, முகச்சிவப்பு, காயத்துக்கு மேற்பட்ட பகுதியில் வியர்வை, ரத்த அழுத்த உயர்வு ஆகியவை தோன்றினால் அது தன்னியக்க நரம்புகளின் கட்டுமீறல். சிறுநீர்ப்பை நிரம்பியிருப்பதும், சிறுநீர்க் குழாய் மடங்கி அடைபட்டிருப்பதும் இதற்கு அடிக்கடி காரணமாகின்றன. உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாயைப் பார்க்க வேண்டும். சரியாகாவிட்டால் அவசர மருத்துவ உதவி தேவை. இவர்களுக்கு ரத்த அழுத்தம் வழக்கமாகவே குறைவாக இருக்கும் என்பதால், மற்றவர்களுக்கு இயல்பாகத் தெரியும் அளவுகூட இவர்களுக்கு ஆபத்தான உயர்வாக இருக்கலாம்.

இதே நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பும்போது நேர்மாறான சிக்கலும் வரலாம். ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 புள்ளிகள் சரிந்து தலைசுற்றினால், படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்குச் செய்தால் நிலைமை மோசமாகும்.

நாடி மறைக்கும் செய்திகள்

பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவரின் இதயத்துடிப்பு உடற்பயிற்சியின்போது எதிர்பார்த்த அளவு உயராது. எனவே நாடியை மட்டும் நம்பாமல், நோயாளியே தன் உழைப்பை 6 முதல் 20 வரை மதிப்பிடும் போர்க் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். ரத்தச் சர்க்கரை குறையும்போது தோன்றும் படபடப்பையும் இந்த மாத்திரை மறைக்கும். வியர்வை மட்டும் அடையாளமாக நிற்கும். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் முதலில் சர்க்கரை தர வேண்டும், பயிற்சி பிறகுதான். 250-க்கு மேல் இருந்து கீட்டோனும் காணப்பட்டால் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வந்தால், அந்த உறைவு நுரையீரலை அடைத்திருக்கலாம். முதுகுவலியோடு வந்தவருக்கு இருக்கைப் பகுதி மரத்துப்போய், சிறுநீர் பிரியாமல், இரு கால்களும் பலமிழந்தால் அது தண்டுவட அடிநரம்புக் கற்றை அழுத்தப்படுவதன் அறிகுறி. இம்மூன்றிலும் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரிடம் அனுப்புவதே சரியான விடை.

மூட்டும் தோலும்

இடுப்பு மூட்டைப் பின்புற வழியாக மாற்றியவர், மூட்டை 90 பாகைக்கு மேல் மடக்குவது, கால் மேல் கால் போடுவது, காலை உள்நோக்கித் திருப்புவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. புதிய மூட்டு நழுவிவிடக் கூடாது என்பதே காரணம். கைத்தடியை வலியுள்ள காலுக்கு எதிர்க்கையில் பிடிக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஒரு காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிட்டத் தசை இழுத்துப் பிடிக்கிறது. எதிர்க்கைத் தடி அந்த வேலையில் ஒரு பங்கை ஏற்பதால் மூட்டின் மேலுள்ள அழுத்தம் குறைகிறது.

தீக்காயத்தின் பரப்பை ஒன்பதின் விதியால் கணக்கிடுகிறார்கள். பெரியவர்களுக்குத் தலையும் ஒவ்வொரு கையும் 9 சதவீதம். ஒவ்வொரு காலும், உடலின் முன்பக்கமும் பின்பக்கமும் தலா 18. பிறப்புறுப்புப் பகுதி 1. காயம் ஆறும்போது தோல் சுருங்கும். வலி குறைகிறது என்று நோயாளி மடக்கி வைத்திருக்கும் நிலையிலேயே மூட்டு இறுகிவிடும். ஆகவே கழுத்தின் முன்பக்கம் வெந்திருந்தால் தலையணை வைக்காமல் கழுத்தைச் சற்று நிமிர்த்தியும், அக்குள் வெந்திருந்தால் கையை உடலிலிருந்து விலக்கியும் வைக்கிறார்கள்.

திரும்பப் படிப்பதா, நினைவுகூர்வதா?

இவ்வளவையும் நினைவில் நிறுத்தும் முறைக்கும் அறிவியல் இருக்கிறது. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதி மாணவர்கள் பாடத்தைத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது.

உரிமத் தேர்வுக்குத் தயாராகிறவர் பாடத்தை மூடிவைத்து, ஒரு நோயாளியைக் கற்பனை செய்து, என்ன செய்வோம், ஏன் செய்வோம், எப்போது நிறுத்துவோம் என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வது பயன் தரும். தவறான மூன்று விடைகளும் எந்த நிலையில் சரியாகும் என்றும் யோசித்தால், ஒரு கேள்வி நான்கு பாடங்களைக் கற்றுத்தரும். சில நாள் இடைவெளியில் அதே கேள்விக்குத் திரும்பி வரும்போது, அந்த அறிவு தேர்வு முடிந்த பிறகும் நோயாளியின் படுக்கையருகே கைகொடுக்கும்.