வாயில் திறந்தால் போதுமா?

எல்லார்க்கும் ஒரே வினாத்தாள், ஒரே கால அளவு, ஒரே அளவுகோல். இதனினும் சிறந்த நீதி யாது என்று வினவுவோர் உளர். வைகறையில் குடம் சுமந்து, தம்பி தங்கையர்க்கு உணவிட்டு, நாளில் இருமுறையே வரும் பேருந்தைப் பிடித்துப் பள்ளி சேரும் சிற்றூர்ப் பெண் ஒருத்தி. இரண்டாண்டுகள் தனிப்பயிற்சி நிலையத்தில் பழகிய நகரத்து மாணவன் ஒருவன். இருவரையும் ஒரே தாளின்முன் அமர்த்தினால், அத்தாள் அறிவோடு பெற்றோரின் பணப்பையையும் சேர்த்தே அளந்துவிடுகிறது.

தமிழகம் இவ்வுண்மையைப் பட்டறிந்தே கற்றது. 1984இல் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்குப் புகுத்தப்பெற்ற நுழைவுத் தேர்வு, 2007இல் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆயின் 2017 முதல் மருத்துவச் சேர்க்கைக்கு ‘நீட்’ தேர்வு வந்தது. அதன்பின் மருத்துவக் கல்லூரிகளில் கிராமப்புற மாணவரின் பங்கும் தமிழ்வழி பயின்றோரின் பங்கும் குறைந்தன என, ஓய்வுபெற்ற நீதிபதி ஏ. கே. ராஜன் தலைமையிலான குழு 2021இல் அறிவித்தது.

இதற்கு மாற்றாக 2020இல், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளிகளில் பயின்று ‘நீட்’ தேர்வில் தேர்ச்சி பெற்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. அதுகாறும் கைவிரல்விட்டு எண்ணத்தக்கவரே இடம் பெற்றிருக்க, அவ்வாண்டே முந்நூறுக்கு மேற்பட்டோர் மருத்துவக் கல்லூரிகளில் நுழைந்தனர். 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றுக்கும் இவ்வொதுக்கீடு விரிந்தது.

எனினும் இச்சட்டம் அரசு உதவிபெறும் பள்ளிகளைச் சேர்க்காமல் இயற்றப்பட்டது. நம் பள்ளிகளுக்காகவே வாதாடுகிறோம் என்று எவரும் எண்ணவேண்டா. கூலிவேலை செய்யும் தந்தை, மகளின் பாதுகாப்பைக் கருதி, அருகிலிருந்த உதவிபெறும் பெண்கள் பள்ளியில் அவளைச் சேர்த்தார். அவளும் ஏழை வீட்டுப் பெண்ணே. 2022இல் அரசுப் பள்ளி மாணவியர்க்கெனத் தொடங்கிய, மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம், 2024இல் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற மாணவியர்க்கும் நீட்டிக்கப்பட்டது. அதே கண்ணோட்டம் இட ஒதுக்கீட்டிற்கும் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அன்புப் பெற்றோரே, சட்டம் திறக்கும் வாயிலைச் சில வேளைகளில் நம் வீடே அடைத்துவிடுகிறது. “பெண்பிள்ளைக்கு இத்தனை தொலைவு எதற்கு?”, “தம்பியின் படிப்புக்குப் பணம் வேண்டுமே”, “நல்ல வரன் வந்திருக்கிறது” என்னும் சொற்களுக்கு எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு கிடையாது. 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் பெற்றோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற செய்தி பல வீடுகளை இன்னும் எட்டவில்லை.

ஆகவே, பள்ளிச் சான்றுகளை முன்னதாகவே பெற்று வையுங்கள். விண்ணப்ப நாளைத் தவறவிடாதீர்கள். விடுதியைப் பற்றி அச்சமிருப்பின் நேரில் சென்று பாருங்கள், காப்பாளருடன் பேசுங்கள். பங்கில் உள்ள ஆசிரியர்களும் பட்டதாரி இளைஞரும் இக்குடும்பங்களுக்கு வழிகாட்டுவார்களாக. தேர்வில் வென்ற பெண், தன் வீட்டு வாசற்படியில் தோற்றுவிடலாகாது.